கிணறு விழுந்த கேக்குக்கு என்ன வைத்தியம்?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு பேக்கிங் சிறப்புப் பகுதி

சென்ற இதழில் "உங்கள் ஓவனில் நடந்த விபத்துகளை எழுதுங்கள்" என்று ஒரு மூலையில் ஒரு வரி போட்டிருந்தோம். அதற்கு இவ்வளவு கடிதம் வந்து குவியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் ருசி நன்றாக வந்தது, பார்க்கத்தான் சகிக்கவில்லை என்கிறார்கள். மீதிப் பேருக்கு நேர்மாறு. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் ஸ்பாஞ்ச் கேக் ஓவனுக்குள் ஜம்மென்று எழும்புகிறது. வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் நடுவில் கிணறு. என் மகன் அதற்குள் பொம்மைத் தவளையை உட்காரவைத்து ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டான். எங்கே தப்பு?
*– வாசகி, திருச்சி*

எப்போது உட்காருகிறது என்பதை நீங்களே எழுதியது நல்லதாய்ப் போயிற்று, பாதி விடை அதில்தான் இருக்கிறது. ஓவனுக்குள்ளேயே எழும்பி அங்கேயே அமுங்கினால் பெரும்பாலும் பேக்கிங் பவுடர் அதிகம். வாயு அவசரமாகப் பொங்கிவிடும், மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழ்கள் உடைந்துபோகும். 1 கப் மைதாவுக்கு 1 டீஸ்பூன் போதும், மிஞ்சினால் 1¼. "இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் உப்பும்" என்று கை தாராளமாகப் போனால் கேக் பழிவாங்கிவிடும்.

வெளியே எடுத்த பிறகு இறங்கினால் நடுப்பகுதி வேகவில்லை என்று அர்த்தம். உங்கள் கதை இதுதான். ஓரம் வெந்து டின்னை விட்டு விலகியிருக்கும், மேலே பொன்னிறமும் வந்திருக்கும், ஆனால் நட்டநடுவில் ஈர மாவு அப்படியே இருக்கும். நாம் குச்சியை ஓரமாகக் குத்திப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு எடுத்துவிடுகிறோம். நடுவில் குத்துங்கள். கூடவே விரல் நுனியால் லேசாக அழுத்திப் பாருங்கள், அழுத்திய இடம் உடனே திரும்பி மேலே வர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் இன்னும் 5 நிமிடம். அப்புறம், கண்ணாடி வழியாகத் தெரிகிற கேக்கைக் கதவைத் திறந்தும் பார்க்கும் ஆசை இருக்கிறதே, அதை முதல் 25 நிமிடத்துக்காவது அடக்குங்கள். மாவு பிடிமானம் பெறாத நேரத்தில் சூடு சட்டென்று இறங்கினால் அது தாங்காது.

சரி, விழுந்தது விழுந்துவிட்டது. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வேகாத நடுப்பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள் (அதைச் சாப்பிட வேண்டாம், முட்டை போட்ட பச்சை மாவு). இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு வளையக் கேக். குழியில் கிரீமும் மாம்பழத் துண்டுகளும் போட்டு நிரப்புங்கள். முதலிலேயே இப்படித்தான் திட்டமிட்டேன் என்று யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

எனக்கு நேர் எதிர். கேக் குவிந்து மேலே வெடித்துவிடுகிறது.
*– வாசகர், ஆவடி*

சூடு அதிகம். ஓரம் சீக்கிரம் இறுகிவிடுகிறது, நடுவில் உள்ள மாவு போக இடமில்லாமல் மேலே பிளந்துகொண்டு வருகிறது. ஓ.டி.ஜி.யின் (மேசை மேல் வைக்கிற மின் ஓவன்) திருகு 180 டிகிரி என்று காட்டினால் உள்ளேயும் 180தான் என்று நம்பாதீர்கள். ஓவனுக்குள் வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள், இந்தத் தொழிலில் போடக்கூடிய மிக நல்ல முதலீடு அது. பழைய பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து டின்னைச் சுற்றிக் கட்டினால் ஓரம் மெதுவாக வேகும், கேக் மட்டமாக எழும்பும். துணி, சூடேறும் கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு, மேட்டை ரொட்டிக் கத்தியால் சீவிவிட்டுக் கேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் எப்போதும் மட்டமாகத்தான் இருக்கும். சீவி எடுத்த தொப்பி சுட்டவருக்கே சொந்தம், அதில் பங்கு கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

என் கேக்கைப் பார்த்து மாமியார் "இட்லியா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?
*– வாசகி, தஞ்சாவூர்*

சட்னி வேண்டுமா என்று கேளுங்கள்.

வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான். சாப்பிடுகிற பொருளுக்கு எதற்கு இவ்வளவு மேக்கப்? ருசியாக இருந்தால் போதாதா? என் மனைவி ஒரு கேக்குக்கு 2 மணி நேரம் கிரீம் தடவுகிறார்.
*– வாசகர், கோயம்புத்தூர்*

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் அடிப்படையில் ஒரு பிழையும் இருக்கிறது. ருசி நாக்கில் மட்டும் நடக்கிறது என்று நினைக்கிறீர்கள். நாக்குக்கு முன்னால் கண் சாப்பிட்டு முடித்துவிடுகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸ் அந்தக் குழுவில் இருந்தார். ஒரே ஸ்ட்ராபெர்ரி மூஸை (நுரைபோல மென்மையான இனிப்பு) சிலருக்கு வெள்ளைத் தட்டிலும் சிலருக்குக் கறுப்புத் தட்டிலும் கொடுத்தார்கள். வெள்ளைத் தட்டில் சாப்பிட்டவர்கள் அது கூடுதல் இனிப்பு, சுவையும் தூக்கல் என்றார்கள். பாத்திரத்தில் இருந்த சர்க்கரை ஒரு துகள்கூடக் கூடவில்லை! அதற்கும் முன்னால், 2001இல், பிரான்சின் போர்தோ நகரத்தில் ஒயின் படிப்பு படிக்கிற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மூக்கையே முதலாக வைத்துப் பிழைக்கப் போகிற அந்தப் பிள்ளைகள், சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வாசனைகளைத்தான் வரிசையாக எழுதிவைத்தார்கள்.

அதனால் அந்த 2 மணி நேரம் வீண் இல்லை. நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. ஒரு ஜாங்கிரி சுற்று கலைந்து, நிறம் வெளிறி வந்தால் அது வீட்டு ஆட்களின் தட்டுக்குப் போகும். வளையம் வளையமாக நிற்பதுதான் பக்கத்து வீட்டுக்குப் போகும். சர்க்கரைப் பாகு இரண்டிலும் ஒன்றுதான்.

ஆனால் உங்கள் பக்கமும் கொஞ்சம் சாய்கிறேன். அழகு, சாப்பிடுவதற்கு உதவ வேண்டும். அரை அங்குலக் கனத்துக்கு ஃபான்டன்ட் போர்த்தி, அதற்கு மேல் பொம்மை நிறுத்தி, கடைசியில் எல்லோரும் அந்தச் சர்க்கரைத் தோலை உரித்துத் தட்டு ஓரத்தில் ஒதுக்குகிற கேக்குகளை எத்தனை பிறந்தநாளில் பார்க்கிறோம். உரித்துப் போடத்தான் போகிறோம் என்றால் அது வெறும் உறை, பணம் கொடுத்து வாங்கிய உறை. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே சொல்கிற அலங்காரம் எனக்குப் பிடிக்கும். மாம்பழக் கேக்கின் மேல் மாம்பழம், காபி கேக்கின் மேல் காபித் தூள். உங்கள் மனைவி கிரீம் தடவுகிறார் என்றால் அது சாப்பிடுகிற பொருள்தான். தடவட்டும், நீங்கள் பாத்திரம் தேயுங்கள்.

தூத்துக்குடிக்காரியாக இருந்துகொண்டு மக்ரூன் வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கூம்பு நிற்காமல் தட்டையாகப் படர்ந்துவிடுகிறது. ருசி ஓகே.
*– வாசகி, தூத்துக்குடி*

மக்ரூனுக்குக் கூம்பு இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் ஏற்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஐரோப்பாவில் பாதாம் போடுகிற இடத்தில் இங்கே முந்திரி. அந்த முந்திரியைப் போர்த்துக்கீசியர்தான் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, மூன்றே பொருள். மூன்றே பொருள் என்பதால் ஒளிந்துகொள்ள இடமில்லை, ஒன்று சரியில்லாவிட்டாலும் முகத்தில் தெரிந்துவிடும்.

நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் மிக்ஸியை. முந்திரியை ஓடவிட்டு அரைத்தால் எண்ணெய் கக்கும். வெள்ளைக்கரு நுரைக்கு எண்ணெய்தான் எமன். முந்திரியை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஆறியபின், விட்டு விட்டு நாலைந்து தடவை மட்டும் சுற்றிச் சலித்துக்கொள்ளுங்கள். தூள் விரலில் ஒட்டாமல் உதிர வேண்டும். கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ, மஞ்சள் கருவின் ஒரு சொட்டோ இருந்தாலும் இதே கதிதான், பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். சர்க்கரையைத் தூளாக்கி, நுரை வந்தபின் ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்து அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் நுனி வளையாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்த நிலைக்கு வருமுன் முந்திரியைக் கொட்டினால் கூம்பு படரத்தான் செய்யும். முந்திரியைக் கலக்கும்போது கையை மெதுவாக, கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள், கிளறாதீர்கள்.

அப்புறம் சூடு. இதைச் சுடுகிறோம் என்பதைவிட உலர்த்துகிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 – 110 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அடுப்பை அணைத்த பிறகும் உள்ளேயே விட்டு ஆறவிடுங்கள். மழை பெய்கிற நாளில் ஆரம்பிக்காதீர்கள். கடற்கரை ஊர்க் காற்றில் ஏற்கெனவே இருக்கிற ஈரமே போதும், ஆறினதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.

படர்ந்துபோன தட்டுகளை என்ன செய்வது? மொறுமொறுப்பாகக் காயவைத்து உடைத்து ஐஸ்கிரீம் மேல் தூவுங்கள்.

கலர் பாட்டில் வேண்டாமென்று பீட்ரூட் போட்டு ரெட் வெல்வெட் என்கிற சிவப்புக் கேக் செய்தேன். மாவு அருமையான சிவப்பு. வெந்த பிறகு செங்கல் கலர்கூட இல்லை, மண் கலர்.
*– வாசகி, சேலம்*

பீட்ரூட்டின் நிறத்துக்குச் சூடும் ஆகாது, சோடாவும் ஆகாது. பெரும்பாலான ரெட் வெல்வெட் குறிப்புகளில் பேக்கிங் சோடா இருக்கும். பீட்ரூட் போட்டால் அதை எடுத்துவிட்டு பேக்கிங் பவுடருக்கு மாறுங்கள், தயிரும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மாவைப் புளிப்புப் பக்கமாக இழுத்து வையுங்கள். பெரிய கேக்காகச் சுட்டால் நேரம் அதிகம், நிறமும் அதிகம் போகும். கப் கேக்காகச் சுட்டால் ஓரளவு தங்கும். கடைக் கேக்கின் அந்த ரத்தச் சிவப்பு வருமா என்றால் வராது. பேசாமல் சாக்லேட் கேக்கில் பீட்ரூட்டைப் போடுங்கள், ஈரப்பதமும் நிற்கும், நிறப் பிரச்சினையும் இல்லை. மேலே பூசுகிற கிரீமில் பச்சை பீட்ரூட் சாறு சில சொட்டு விட்டால் நல்ல ரோஜா நிறம் வரும், அங்கே அடுப்பு இல்லையே!

பாட்டில் கலரே வாங்குவதானால் உணவுக்கு அனுமதித்தது என்று லேபிளில் இருப்பதை வாங்கி, குச்சி நுனியில் எடுத்துப் போடுங்கள். துணிச் சாயமான ரோடமைன்–பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். கண்ணைப் பறிக்கிற நிறத்துக்கு ஆசைப்பட்டால் எதுவரை போகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். பெயர் இல்லாத பொட்டலத்தில் வருகிற கலரைக் கையாலும் தொடாதீர்கள்.

ஒரு மணி நேரம் பீட்டரால் அடித்தும் ஃப்ரெஷ் கிரீம் பால் மாதிரியே இருக்கிறது. கை வலி மட்டும் மிச்சம்.
*– வாசகி, ஈரோடு*

இன்னொரு மணி நேரம் அடித்தாலும் அதேதான். சமையலுக்கென்று சின்னப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான். அடித்தால் நிற்க 30க்கு மேல் வேண்டும், 35 இருந்தால் நிம்மதி. பெட்டியின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கிற எண்ணைப் பாருங்கள்.

கேக் கடைகளில் பயன்படுத்துவது பெரும்பாலும் தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம். நம் வெயிலில் அதுதான் கூடுதல் நேரம் நிற்கும், ருசியில் பால் கிரீம் பக்கத்தில்கூட வராது என்பது என் கட்சி. உறைந்த நிலையில் வாங்கினால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, இன்னும் கொஞ்சம் பனித்துகள் இருக்கும்போதே அடியுங்கள், கிண்ணமும் பீட்டர் கம்பியும் சில்லென்று இருக்கட்டும். அதிகமாக அடித்துத் திரிதிரியாகிவிட்டால் அடிக்காத கிரீம் இரண்டு ஸ்பூன் விட்டுக் கையால் மெதுவாகக் கலந்தால் பல சமயம் திரும்பி வரும். பால் கிரீம் என்றால் அடித்தது எல்லை தாண்டி வெண்ணெய் ஆகிவிடும். அப்போது அழ வேண்டாம், தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறேன். மே மாதம் ஒரு வாடிக்கையாளர் இணையத்திலிருந்து ஒரு படம் அனுப்பி, அச்சு அசலாக அதே இரண்டு அடுக்குக் கேக் வேண்டும் என்றார். பார்த்துப் பார்த்துச் செய்தேன். போய்ச் சேர்ந்தபோது மேலடுக்கு சாய்ந்து, கலர் வழிந்து, ஃபான்டன்ட் முழுக்க வியர்த்திருந்தது. ருசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?
*– வாசகி, மதுரை*

முழுப் பணம் வேண்டாம், ஒரு பகுதி கொடுங்கள். சொல்கிறேன். அவர் வாங்கியது வெறும் தின்பண்டம் இல்லை, விருந்தாளிகள் நடுவில் மேசையில் நிற்க வேண்டிய ஒரு பொருள். அது நிற்கவில்லை. ருசி நன்றாக இருந்ததே என்று நீங்கள் வாதாடினால் அவர் காதில் ஏறாது, ஏற வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கேக்கை வெட்டி எல்லோரும் சாப்பிட்டுத் தட்டையும் காலி செய்துவிட்டு முழுப் பணம் கேட்பது கொஞ்சம் அதிகம்.

ஆர்டர் எடுக்கும்போதே இரண்டு விஷயத்தை எழுத்தில் போட்டுவிடுங்கள், வாட்ஸ்அப் போதும். ஒன்று, "படம் மாதிரிக்கு மட்டும், அதே சாயலில் செய்வேன்." அந்தப் படம் குளிரூட்டிய ஸ்டுடியோவில் எடுத்ததா, உள்ளே இருப்பது கேக்தானா, தெர்மோகோலா என்பது யாருக்குத் தெரியும்? இரண்டு, ஒப்படைத்த பிறகு கேக்கை எங்கே, எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்பது.

இனி தொழில். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஃபான்டன்டைப் புழுக்கமான காற்றில் நீட்டினால் மேலே தண்ணீர் கோர்க்கும், அந்தத் தண்ணீரில்தான் உங்கள் கலர் வழிந்தது. வெண்ணெய் 32 – 35 டிகிரியிலேயே உருகிவிடும், மதுரை மே மாதத்தில் அது அறையின் சூடு. பட்டர்கிரீமுக்குப் பதில் கனாஷ் போடுங்கள். சாதாரண நாளில் டார்க் சாக்லேட் 2 பங்கு, கிரீம் 1 பங்கு. கத்திரி வெயிலில் சாக்லேட்டை இரண்டரைப் பங்காக்குங்கள். கீழ் அடுக்கில் கனமான ஸ்ட்ராவை நாலைந்து இடத்தில் குத்தி, கேக்கின் மட்டத்துக்கு வெட்டிவிட்டு, மேலடுக்கை அதற்குரிய அட்டையோடு அதன் மேல் ஏற்றுங்கள். பாரம் ஸ்ட்ரா மேல் நிற்கும், கேக் அமுங்காது. காரில் சீட்டில் வைக்காதீர்கள், எல்லா சீட்டும் பின்பக்கம் சரிந்தவை. மடியில் வைத்தால் கேக்குக்கு உடம்புச் சூடும் சேரும். முன்சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற தரைதான் மட்டமான இடம். அங்கே வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு, ஏ.சி.யை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு அடுக்கையும் தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கேயே ஏற்றினால் இன்னும் உத்தமம்.

சாக்லேட்டை உருக்கும்போது திடீரென்று கட்டி தட்டிக் களியாகிவிட்டது.
*– வாசகி, நெய்வேலி*

ஒரு சொட்டுத் தண்ணீர் அல்லது நீராவி பட்டிருக்கும். பூசுவதற்கு இனி ஆகாது. சூடான கிரீமையோ தண்ணீரையோ ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கலக்கினால் மழுமழுவென்று சாஸாகிவிடும், வெந்நீர் விடுவது வினோதமாகத் தெரிந்தாலும் அதுதான் வழி.

குக்கரில் கேக் செய்தால் அடி கருப்பு, தலை வெளுப்பு. ஓவன் வாங்க வசதி இல்லை.
*– வாசகி, அறந்தாங்கி*

வாங்க வேண்டாம். குக்கரில் சூடு கீழிருந்து மட்டும்தான் வருகிறது, அதனால் தலை எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும். அடியில் ஒரு அங்குலம் கல் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையம் வைத்து, டின்னை அதன் மேல் வையுங்கள், டின் உப்பைத் தொடக் கூடாது. டின்னின் அடியில் பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு. கேஸ்கட்டும் வெயிட்டும் போடவே கூடாது. மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்கிவிட்டுப் பிறகு முழுக்கச் சிம். பழைய குக்கராக இருக்கட்டும், தண்ணீர் இல்லாமல் காய்ச்சினால் நல்ல குக்கர் வீணாகும். கருகிய தோலைக் கேரட் துருவியால் லேசாகத் தேய்த்தால் போய்விடும். அப்புறம் கேக்கைக் கவிழ்த்து வைத்தால், பொன்னிறமான அடிப்பக்கம் மேலே வந்துவிடுகிறது.

விருந்துக்கு அரை மணி முன்னால் என் சீஸ் கேக் வெடித்து, டின்னை உருவும்போது பாதி இடிந்தும் விட்டது. ஆத்திரத்தில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கடை ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். சரிதானே? அப்புறம், தவறுதலாகப் பிறந்த இனிப்புகள் நிறைய உண்டாமே?
*– வாசகி, பெங்களூரு*

சரியில்லை. 2014இல் பிரிட்டன் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற பேக்கிங் போட்டியில் இதே காட்சி நடந்தது. ஒரு போட்டியாளரின் பேக்டு அலாஸ்காவில் (கேக் மேல் ஐஸ்கிரீம் வைத்து, வெள்ளைக்கரு நுரையால் மூடிச் சுடுவது) ஐஸ்கிரீம் உறையாமல் ஒழுகியது. கோபத்தில் மொத்தத்தையும் குப்பைத் தொட்டியில் தள்ளிவிட்டு, தீர்ப்பு நேரத்தில் அந்தத் தொட்டியைத்தான் நடுவர்கள் முன் கொண்டுபோய் வைத்தார். ருசி பார்க்க ஒன்றுமில்லை, அவர் வெளியேற்றப்பட்டார். ஒழுகிய கேக்குக்குக்கூட ருசிக்கு நாலு மார்க் கிடைத்திருக்கும். பார்த்தவர்கள் நாடு முழுக்கச் சண்டை போட்டார்கள், அது வேறு கதை.

இத்தாலியின் மொடேனாவில் மாஸ்ஸிமோ பொத்தூரா என்ற சமையல் கலைஞரின் உணவகத்தில் நடந்தது இதற்கு மறுபக்கம். பரிமாறப் போகும் நேரத்தில் டாக்கா கொண்டோ என்ற ஜப்பானிய சமையல் கலைஞர் கையிலிருந்து எலுமிச்சை டார்ட் (மொறுமொறு மாவுக் கிண்ணத்தில் இனிப்பை நிரப்பியது) நழுவி உடைந்துவிட்டது. கொண்டோ வெலவெலத்து நிற்க, பொத்தூரா உடைந்த டார்ட்டையே உற்றுப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்த இன்னொன்றையும் அதேபோல உடைத்து வைக்கச் சொன்னார். "அடடா, எலுமிச்சை டார்ட்டைக் கீழே போட்டுவிட்டேன்" என்ற பெயரிலேயே அது அந்த உணவகத்தின் அடையாளமாகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது டார்ட். ஒன்று உடைந்தால் விபத்து. இரண்டும் ஒரே மாதிரி உடைந்திருந்தால் அது வடிவமைப்பு. வீட்டிலும் இதுவே செல்லும். பாதி இடிந்த சீஸ் கேக்கை முழுவதுமாக இடித்து, கண்ணாடி டம்ளர்களில் ஒரு அடுக்கு பிஸ்கட் தூள், ஒரு அடுக்கு சீஸ், ஒரு அடுக்கு பழம் என்று போட்டிருந்தால் அரை மணியில் விருந்து தயார்.

தவறிப் பிறந்த கதைகளை மட்டும் அப்படியே விழுங்காதீர்கள். பிரான்சின் லாமோத்–பெவ்ரோன் ஊரில் தாதேன் சகோதரிகள் ஆப்பிள் டார்ட்டைத் தப்பாக, தலைகீழாகச் சுட்டுவிட்டார்கள் என்ற கதை அழகுதான். ஆனால் அந்த வட்டாரத்தில் தலைகீழ் டார்ட் அதற்கு முன்பே உண்டு. அமெரிக்காவில் ரூத் வேக்ஃபீல்டு 1930களில் சாக்லேட் உருகிவிடும் என்று நினைத்துத் துண்டு துண்டாகப் போட்டார், உருகவில்லை, சாக்லேட் சிப் குக்கி பிறந்தது என்பார்கள். அவர் உணவியல் படித்தவர், விடுதி நடத்தியவர். புதிதாக ஒன்று செய்யவேண்டுமென்று முயன்றுதான் அதைச் செய்தார். திறமைசாலிப் பெண்களின் கண்டுபிடிப்புகளை மட்டும் உலகம் ஏன் கைதவறியது என்றே எழுதிவைக்கிறது என்று எனக்கு ஒரு எரிச்சல் உண்டு.

கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெட்டினால் மேலே வெறும் கேக், கீழே ஜாம்.
*– வாசகி, நாகர்கோவில்*

பழத்தை மைதாவில் புரட்டிப் போடச் சொல்வார்கள். அது கொஞ்சம்தான் உதவும். உண்மையான காரணம் மாவு தளர்த்தி. பிளம் கேக் மாவு கரண்டியிலிருந்து ஒழுகக் கூடாது, தட்டினால்தான் விழ வேண்டும். ஊறிய பழத்தை வடிகட்டி ஒற்றியெடுங்கள், பெரிய செர்ரிகளை நறுக்குங்கள். கொஞ்சம் வெறும் மாவை அடியில் ஊற்றிவிட்டுப் பழம் கலந்ததை மேலே போடுவதும் ஒரு தந்திரம்.

உங்கள் ஊருக்கு வடக்கே தலச்சேரியில், 1883இல் மர்டாக் பிரௌன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைக் காட்ட, பேக்கரி வைத்திருந்த மம்பள்ளி பாப்பு உள்ளூர்ச் சரக்கை வைத்தே அதைச் செய்து கொடுத்தார், அதுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். ஓ.டி.ஜி.யும் இல்லை, வெப்பமானியும் இல்லை.

அக்கா, நான் லவ் கேக் செய்தால் மேற்பக்கம் கறுத்துப்போகுது, உள்ளுக்குள்ள ஈரமாக் கிடக்குது. அம்மா செய்யிறது எப்பவும் ஒரே மாதிரிப் பொன்னிறமா வரும்.
*– வாசகி, கொழும்பு, வெள்ளவத்தை*

உள்ளே ஈரமாக இருப்பது குறை இல்லை தங்கச்சி, லவ் கேக் அப்படித்தான் இருக்க வேண்டும். ரவை, கஜு, முட்டை மஞ்சள் கரு, சீனிப்பாகில் ஊறிய பூசணி, தேன், ரோஸ் வாட்டர் என்று எல்லாமே கனமும் இனிப்புமான சாமான்கள். இனிப்பு அதிகம் என்பதால்தான் மேற்பக்கம் சீக்கிரம் கறுக்கிறது. 150 டிகிரிக்கு மேலே போகாதீர்கள். தட்டின் அடியிலும் ஓரத்திலும் நாலைந்து மடிப்பு தாள் போடுங்கள், மேலே பொன்னிறம் வந்ததும் ஃபாயில் தாளை லேசாக மூடிவிடுங்கள். அடுத்த நாள் வரை வெட்டக் கூடாது. நன்றாக ஆறிய பிறகு, கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டினால் ஓரம் உதிராது. அம்மாவுடைய தட்டையும் ஒருமுறை அளந்து பாருங்கள், உங்களுடையது அதைவிடச் சின்னதாக, உயரமாக இருக்கலாம்.

கேக் மேல் தமிழில் "பிறந்தநாள் வாழ்த்துகள்" எழுதினால் கடைசி இரண்டு எழுத்துக்கு இடமே இருப்பதில்லை. ழ எல்லாம் உருண்டையாகிவிடுகிறது.
*– வாசகர், விழுப்புரம்*

எழுதுமுன் கணக்குப் போடுங்கள். இரண்டு சொல்லிலும் ஆறாறு எழுத்து. ஆனால் நா, வா இரண்டுக்கும் துணைக்கால் இருப்பதால் வரிக்கு ஏழு இடம் வேண்டும். 8 அங்குலக் கேக்கில் ஓரத்தை விட்டால் 6 அங்குலம், ஆக ஓர் எழுத்துக்கு ஒரு அங்குலத்துக்கும் குறைவு. அதில் கிரீமால் ழ–வின் சுழியும் வாலும் எழுதினால் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். கிரீமை விடுங்கள். உருக்கிய சாக்லேட்டைத் தாள் கூம்பில் ஊற்றி, நுனியை ஊசி அளவுக்கு மட்டும் வெட்டி, பட்டர் பேப்பரில் ஒவ்வோர் எழுத்தாக எழுதி ஃபிரிட்ஜில் இறுகவிடுங்கள். உடைந்தால் இன்னொன்று எழுதலாம், கேக்குக்குச் சேதமில்லை. இறுகியதும் உரித்து எடுத்து, முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் முதலில் வைத்துவிட்டு நடுவில் இருப்பதைப் பகிர்ந்து வையுங்கள். ஐந்து புள்ளிக்கும் ஐந்து வெள்ளி மிட்டாய். பெயர் எழுதும்போது மட்டும் குழந்தையின் அம்மாவிடம் ஒருமுறை எழுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், கேக் சாய்ந்தால் மன்னிப்பார்கள், பெயர் தப்பினால் மன்னிக்க மாட்டார்கள்.

ஃபோட்டோவில் என் கேக் மட்டும் ஏன் மஞ்சள் பூத்தாற்போல விழுகிறது?
*– வாசகி, புதுச்சேரி*

சமையலறை பல்பு. விளக்கை அணைத்துவிட்டுக் காலையில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். முழுக் கேக்கைவிட ஒரு துண்டு வெட்டி எடுத்த கேக் படத்தில் நன்றாக விழும், உள்ளே எப்படி வெந்திருக்கிறது என்று தெரியுமல்லவா. ஃப்ளாஷ் போடவே போடாதீர்கள், கிரீமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.